கிழிக்கக் கூடாத ஓலை

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு சீட்டோடு வருவார்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்தது. குறுந்தோட்டி இவ்வளவு, தேவதாரம் இவ்வளவு, கடுக்காய் இவ்வளவு. அந்தப் பெண் சீட்டு இல்லாமல் வந்தாள். வசம்பு நூறு கிராம், புல்தைலம் ஒரு சின்னக் குப்பி. இரண்டையும் சேர்த்துக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஓலையா மோளே?" என்றேன்.

வசம்பு பூச்சி அண்டாமல் இருக்க. புல்தைலம், காய்ந்து முறுகிய ஓலை மறுபடி வளைந்து கொடுக்க. இந்த இரண்டையும் ஒரே பொட்டலமாக வாங்குகிறவர் வீட்டில் சுவடி இருக்கும். அவள் வீட்டில் சுவடி எதுவும் இல்லை. பழைய எழுத்துகளைப் படிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். வட்டெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் எல்லாம். ஊர் வெங்ஙானூர்ப் பக்கம். அய்யன்காளி 1893இல் வில்வண்டி கட்டி, தம் சாதியார் நடக்கக் கூடாத பொதுவழியில் ஓட்டிப் போன ஊர். "நான் அந்தச் சாதிதான் அண்ணாச்சி" என்று அவளாகவே சொன்னாள், நான் கேட்காமலே. இங்கே பலர் கேட்டுவிடுகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது அவள் வழக்கம் என்று பிறகு தெரிந்தது.

என்னிடமும் ஒரு கட்டு இருந்தது. என் பாட்டா நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் சாலைக்கு வந்து இந்த நாட்டு மருந்துக் கடையை வைத்தபோது கூடவே கொண்டுவந்தது. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய கடைத்தெரு இது. அரிசி, புளி, பாத்திரம், மருந்து என்று தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்த இடம். அந்தக் கட்டு கடைப் பரணில் இருந்தது. ஆயுத பூசைக்கு இறக்குவோம். பழைய வசம்பை எடுத்துவிட்டுப் புதிது வைப்போம். சந்தனம், குங்குமம், ஒரு சூடம். மறுபடி பரண். வைத்தியச் சுவடி என்று அப்பா சொல்வார். அவருக்கு அவர் அப்பா சொன்னது. மூன்று தலைமுறை அதைக் கும்பிட்டிருக்கிறோம். ஒருவரும் வாசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும்போது அவள் வந்தாள். மொத்தம் 62 ஓலை. ஒட்டிக்கிடந்தவற்றை அவள் பிரிக்க முயலவில்லை, அப்படியே தனியாக வைத்தாள். மற்றவற்றை ஒவ்வொன்றாக மெல்லிய தூரிகையால் தட்டினாள். இராமபாணப் பூச்சி துளைத்த வழிகள் முதல் ஓலையிலிருந்து ஏழாவது ஓலைவரை ஒரே கோட்டில் போயிருந்தன. விளக்குக்கரியைப் புல்தைலத்தில் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தாள். எழுத்தாணி கீறிய இடத்தில் மட்டும் கறுப்பு நின்றது. நான் பிறந்ததிலிருந்து வெறும் மஞ்சள் பட்டையாகப் பார்த்துவந்த ஓலையில் வரிவரியாக எழுத்து எழுந்தது. என் கை தானாகக் குவிந்தது.

வைத்தியம் அதில் ஒரே ஒரு ஓலைதான், விஷக்கடிக்கு ஒரு மருந்து, அதுவும் பாதி. மீதி நெல் கணக்கு, வாய்க்கால் முறை, ஒற்றி, பங்கு பிரித்தது. 41ஆவது ஓலையில் அவள் நிறுத்தினாள். மனதுக்குள் இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் அர்த்தம் சொன்னாள்.

ஒரு பெண்ணையும் அவள் குழந்தையையும் விற்ற ஓலை. மனையும் மரமும் விற்கிற அதே வாசகம். விலை பணக் கணக்கில். வழிவழியாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது. சாட்சிகள். வாங்கியவரின் வீட்டுப் பெயர் எங்கள் வீட்டுப் பெயர். கொல்லம் ஆண்டைக் கணக்கிட்டால், மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்த 1750க்குச் சில வருடங்கள் பின்னால்.

நாங்கள் சூடம் காட்டியது இதற்கு.

நாஞ்சில் நாட்டில் இப்படிப்பட்ட ஓலைகள் இருப்பது ஊருக்குப் புதிதல்ல. அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்திருக்கிறார். பின்னால் அ.கா. பெருமாள் அவற்றை விரிவாகப் படித்து நூலாகவே கொண்டுவந்தார். ஆளை விற்றதும் வாங்கியதும் அவற்றில் உண்டு. நானும் அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். படிக்கும்போது 'அந்தக் காலம்' என்று நினைத்தேன். 'எங்கள் பரண்' என்று நினைக்கவில்லை.

அன்று இரவு நான் எடுத்த முடிவைச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை வரட்டும், திருவல்லத்தில் பலி போடும்போது அந்த ஓலையையும் கரமனையாற்றில் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். விற்கப்பட்ட அந்தப் பெண்ணின் ஆத்மாவுக்கும் ஒரு பிண்டம் வைக்கலாம். அது கோழைத்தனம் என்று அப்போது தோன்றவில்லை. பக்தி என்றே தோன்றியது. நம் மரபில் அதற்கு இடமும் இருக்கிறது. பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்கள் நம் முன்னோர். உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் பட்ட துயரத்தைத் தமிழர் எல்லாரும் அறிவார்கள். ஆனால் அந்தக் கோயில்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. எழுத்து தெய்வம், அது குப்பையில் கிடக்கக் கூடாது, தீக்கோ நீருக்கோ கொடுப்பதே மரியாதை என்று நம்பினார்கள். ஓலைக்கு ஆயுள் முந்நூறு வருடம் என்று வைத்தால், அதற்குள் ஒருவர் பிரதி எழுதிவிடுவார், பழைய உடம்பு போகலாம். உடம்பு போய் உயிர் நிற்பது நமக்குப் பழகிய எண்ணம். பிரதி எழுத ஆள் இல்லாமல் போன பிறகும் எரிக்கும் வழக்கம் மட்டும் தொடர்ந்ததுதான் பிழை.

என் பிழை வேறு. எனக்கு அந்த ஓலையின் உயிரும் போக வேண்டியிருந்தது.

என்னைத் தடுத்தது சாத்திரம் அல்ல, கடை. பாட்டாவுக்குக் கடன் கொடுப்பதில் ஒரு முறை இருந்தது. கடன் முறி எழுதி வாங்குவார். பணம் முழுசும் வந்த அன்று, கொடுத்தவன் கண் முன்னால் அதைக் கிழித்து அவன் கையிலேயே கொடுப்பார். பாக்கி நிற்கும்போது முறியைத் தொலைத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. கடன்காரன் வீட்டில் முறி தொலைந்தால் அது தற்செயல் இல்லை என்பார். தமிழில் 'பற்று' என்று எவ்வளவு சரியாகச் சொல் வைத்திருக்கிறார்கள். பேரேட்டில் எழுதுவதும் பற்று, துறவி விட வேண்டியதும் பற்று. தீர்த்தால்தான் விடலாம். இந்த ஓலையில் பாக்கி யாருடையது? எங்களுடையது. அப்படியானால் கடன்காரனான நான் முறியை ஆற்றில் விடப் பார்க்கிறேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சுந்தரர் கதைதான் மனதில். சிறுவயதில் ஆச்சி சொல்லி அழுத கதை. மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்து நீட்டுகிறார். அவையோர் பாட்டனின் வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இதைப் பாடினார். படியும் மூலமும் தனித்தனி இடத்தில் வைப்பது, ஐயம் வந்தால் நம்பகமான இன்னொரு ஆவணத்தோடு ஒப்பிடுவது. ஆவணக் காப்பாளர்கள் இன்று செய்கிற வேலை முழுவதும் அந்தக் கதையில் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கதையில எழுதிக் கொடுத்தது பாட்டன், மாட்டிக்கிட்டது பேரன். எங்களுக்கும் அப்படித்தான், ஆனா எங்க பாட்டன் எழுதல" என்றாள்.

இதைக் கேட்ட பிறகு என்னால் அந்தக் கதையைப் பழையபடி அழுதுகொண்டு கேட்க முடியவில்லை. இறைவன் கிழவராக ஆட்கொள்ள வந்தபோது கையில் எடுத்துவந்தது நம் ஊர் ஆளோலை. நாம் உலகத்தில் நடத்திய வியாபாரத்தின் மொழியில்தான் அவன் நம்மோடு பேச வேண்டியிருந்தது. 'அடியேன்' என்ற சொல் அவ்வளவு இனிப்பது ஏன்? யாரும் பிடித்துக் கட்டாமல் நாமாகப் போய்க் குனிவதால். கோயிலில் அடியேன் என்று சொல்லிக் கரைந்த வாய், வெளியே வந்து வயலில் இன்னொருவனை அடிமை என்று கூப்பிட்டிருக்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே எழுத்தாணி.

இந்த ஊரிலேயே பாருங்கள். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் தம் உடைவாளை ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்து, திருவிதாங்கூர் முழுவதையும் பெருமாளுக்குக் கொடுத்துவிட்டு, பத்மநாபதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தப் பெயரிலேயே ஆண்டார்கள். அரசன் அடிமை, ஆண்டவன் அரசன். எவ்வளவு பெரிய எண்ணம்! அந்தத் தாசனின் சர்க்காருக்கே சொந்தமாக அடிமைகள் இருந்தார்கள். 1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் அடிமைகள் 1,64,000-க்கும் மேல். 1853இல் சர்க்கார் அடிமைகளின் இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு விடுதலை, 1855இல் எல்லாருக்கும். உ.வே.சா. பிறந்ததும் அந்த 1855இல்தான். அவ்வளவு அருகில் இருக்கிறது இது.

பெருமாளுக்கு நாட்டைக் கொடுத்ததாலோ என்னவோ, இங்கே கணக்கு எழுதுவதில் ஒரு பிடிவாதம் இருந்தது. மதிலகம் ஓலைகள் என்று சொல்லுகிற கோயில் ஆவணங்கள் 14ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கின்றன; சுருட்டிக் கட்டிய சுருணைகள் ஆயிரக்கணக்கில், ஓலைகள் லட்சக்கணக்கில். கேரள மாநில ஆவணக் காப்பகம் அவற்றைக் கோட்டைப் பகுதியில் ஒரு காலத்தில் சிறையாக இருந்த கட்டடத்தில் வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கேயே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். சாலையிலிருந்து நடந்தே போய்விடலாம். நான் போனேன். நில அளவு, வரி, குளச்சல் போர், திருவிழாச் செலவு. 2011இல் கோயில் நிலவறைகளைத் திறந்து பொன்னைக் கண்டபோது உலகமே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பொன் எந்த நெல்லிலிருந்து வந்தது, எந்தக் கையிலிருந்து வந்தது என்பதற்குப் பதில் சொல்லக்கூடியவை இந்த ஓலைகள். அவற்றின் முன்னால் அன்று என்னோடு நின்றவர்கள் நான்கு பேர்.

அங்கே நின்றபோது ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. எல்லாம் அறிந்த பெருமாளுக்கு எதற்குக் கணக்கு? எமனுக்குச் சித்திரகுப்தன் எழுதுகிறான், சரி. பள்ளிகொண்டிருப்பவருக்கு ஓர் உழக்கு எண்ணெய் குறைந்தது தெரியாதா? யோசித்துப் பார்த்தால் கணக்கு அவருக்காக அல்ல. ஒருநாள் கேட்கப்படுவோம் என்று தெரிந்து எழுதுகிறவனுடைய கை ஒழுங்காக இருக்கிறது, அதற்காக. கடவுள் பெயரில் எழுதிய கணக்கு ரகசியம் ஆக முடியாது என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். கேட்க உரிமை உள்ளவர் வந்து கேட்டால் பிரித்துக் காட்டத்தான் அது எழுதப்பட்டது. உரிமை யாருக்கு? அதில் எழுதியவனுடைய பேரனுக்கு மட்டுமா? எழுதப்பட்டவளுடைய பேத்திக்கு இல்லையா? 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியிட்டு எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்தபோது, தெய்வத்தின் தூய்மை போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். போகவில்லை. கோயிலைத் திறந்தாயிற்று. கோயிலின் ஓலையும் வீடுகளின் ஓலையும் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. கண்ணாடிக்குள் வைத்திருப்பது திறப்பு ஆகாது, வாசிக்கத் தெரிந்தவர் இல்லாதவரை.

இதனால் எனக்கு மின்னுருவாக்கம் என்ற சொல்லின் மேல் முழு நம்பிக்கை வர நாளானது. முன்பு பிரதி எழுதியவன் ஒவ்வொரு எழுத்தையும் தன் கண்ணாலும் கையாலும் கடந்து போனான். தப்பு செய்தான், திருத்தினான், சில இடங்களில் புரியாமல் விட்டான். ஆனாலும் அந்த நூல் ஒரு மனிதன் வழியாகப் போயிற்று. கேமரா வழியாகப் போகிற ஓலை யார் மனதையும் தொடுவதில்லை. இதை அவளிடம் சொன்னேன். அவள் வாதம் செய்யவில்லை. "கேமரா பிரதி எழுதுறவன் இல்ல அண்ணாச்சி, பெட்டியைத் திறக்கிறவன். வாசிக்கிறது அதுக்கு அப்புறம்" என்றாள். அந்தப் படமும் சிரஞ்சீவி இல்லை. சேமித்த வட்டு ஐந்தாறு வருடத்தில் மக்கர் பண்ணலாம், அதனால் மூன்று பிரதி, மூன்று இடம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுவது, ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று சரிபார்ப்பது. முந்நூறு வருடத்துக்கு ஒருமுறை செய்ததை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பூசை நின்றால் கோயில் பாழ் என்பது போலத்தான்.

தம்பி நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, அதை எதுக்கு வெளியே கொடுக்கணும்? நம்ம வீட்டுப் பேரு அதில இருக்குல்லா?" இருக்கிறது என்றேன். "பிள்ளைங்க நாளைக்கு நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?" அவன் கேட்டது நியாயமான பயம். நானே அதைப் பட்டவன். அவனுக்கு நான் சொன்ன பதில் அவள் எனக்குச் சொன்னது. வீட்டுப் பெயரை மறைத்துவிட்டு ஓலையை மட்டும் வெளியிடலாமா என்று அவளிடம் கேட்டிருந்தேன். அவள் கோபப்படவில்லை. தன் பாட்டியின் பாட்டி பெயர் தனக்குத் தெரியாது என்றாள். பள்ளிப் பதிவு இல்லை, பட்டா இல்லை, கல்வெட்டு இல்லை, கோயில் நன்கொடைப் பட்டியலில் இடம் இல்லை. "எங்க ஆளுக பேரு எழுத்தில இருக்கிற ஒரே இடம் இதுதான். விலைக்குப் பக்கத்தில. வாங்கினவங்க பேரை மறைச்சா, அவளை யாரும் வாங்கவே இல்லேன்னு ஆயிடும்."

இதே தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டு கதை எழுதினார் ஆ. மாதவன், 2021 ஜனவரியில் காலமானார். சுமை தூக்குகிறவன், திருடன், கடைத்திண்ணையில் தூங்குகிறவன் எல்லாருக்கும் அவர் கதையில் பெயர் உண்டு. அவர் கதைகளைப் படிக்கும்போதெல்லாம், இந்த மனிதர்களின் முப்பாட்டன்மார் எங்கே எழுதப்பட்டிருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஆடி அமாவாசைக்குத் திருவல்லம் போனேன். அப்பாவுக்கும் பாட்டாவுக்கும் பலி போட்டேன். ஓலையைக் கொண்டுபோகவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அவள் கேமராவும் தாங்கியும் கொண்டுவந்தாள். கடைக்குள்ளேயே, மருந்து நிறுக்கும் மேசையின் மேல் கறுப்புத் துணி விரித்தோம். ஓலைக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல், ஒரு நிறப்பட்டை. நேர் வெளிச்சம் போட்டால் கீறல் தட்டையாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு சின்ன நிழல் விழும், மை ஏறாத எழுத்தும் பிடிபடும். ஒரு விளக்கை நான் பிடித்தேன். ஒட்டாத ஓலைகள் எல்லாம், இரண்டு பக்கம், துளைக்கயிற்றின் கண்கள் உட்பட. எண் போட்டு, எந்த ஊர், யார் வீடு, எப்படிக் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. வீட்டுப் பெயரை நான்தான் சொன்னேன், அவள் தட்டச்சு செய்தாள்.

41ஆவது ஓலை வந்தபோது அவள் விளக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்க வாசிங்க" என்றாள். சில மாதங்களாக எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவந்தாள். ஓலையில் புள்ளி வைப்பதில்லை. குத்தினால் ஓலை கிழியும். குறில் நெடில் வேறுபாடு எ, ஒ இரண்டிலும் இல்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நெல், நிலம், பணம் என்ற சொற்கள் இடம் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஒருத்தியின் பெயருக்கு இடம் உதவி செய்யாது. மூன்றாவது வரியில் விற்கப்பட்டவளின் பெயர் வருகிறது. நடுவில் நிற்கும் அந்த ஒரு கோடு காலா, ரகரமா? இரண்டு விதமாகவும் பெயராக வருகிறது. அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்தவர் இன்று ஒருவரும் இல்லை.

நான் முதலில் ஒரு விதமாக வாசித்தேன். பிறகு மற்ற விதமாகவும் வாசித்தேன். அவள் இரண்டையும் குறிப்பில் எழுதிக்கொண்டு, குழந்தையின் பெயர் இருக்கிற அடுத்த வரிக்கு விளக்கைச் சாய்த்தாள்.